மார்ச் 31-க்குள் நிதி திரட்டுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி சிறு அறக்கட்டளைகளுக்கு முழு வழிகாட்டி

இரண்டு மூன்று ஊழியர்கள், ட்ரஸ்டி வீட்டின் முன்னறையில் அலுவலகம், மாலைநேரப் படிப்பு மையமோ முதியோருக்கு மதிய உணவோ மலைக்கிராமத்தில் மருத்துவ முகாமோ நடத்தும் வேலை. நம் இரண்டு மாவட்டங்களிலும் இப்படிப்பட்ட அறக்கட்டளைகள்தான் அதிகம். நிதி திரட்டத் தனி ஆள் வைக்க இவர்களால் முடியாது. கணக்கு எழுதுபவரே போனும் பேசுவார், ரசீதும் போடுவார். இந்த வழிகாட்டியை அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

மார்ச் இருபதாம் தேதிக்கு மேல் எல்லா அமைப்புகளும் ஒரே மாதிரி வாட்ஸ்அப் செய்தி அனுப்புகின்றன: “80ஜி வரிவிலக்கு உண்டு, உதவுங்கள்.” (நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் சலுகை தரும் சட்டப் பிரிவுதான் 80ஜி.) ஒருவருக்கே பத்து இடத்திலிருந்து வருகிறது. அதில் உங்கள் செய்தி மட்டும் ஏன் தனியாகத் தெரிய வேண்டும்? போன ஆண்டு அவர் கொடுத்த பணம் என்ன ஆனது என்று நீங்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தால் தெரியும், இல்லையென்றால் தெரியாது. புதிய பணம் வர முதல் வழி, பழைய பணத்துக்குக் கணக்குச் சொல்வதுதான். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றியே இருக்கும். வேலையை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிட வேண்டும்.

படி 1: பணம் எந்த மாதம் யார் கையில் இருக்கும்?

நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் இதை எழுதுங்கள். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது என்பது வரிக் கணக்குக்கு. கொடுப்பவரின் பை நிறைவதும் காலியாவதும் வேறு கணக்கு.

மாந்தோப்பு வைத்திருப்பவருக்கும் மாங்கூழ் ஆலை நடத்துபவருக்கும் ஏப்ரல் முதல் ஜூலை வரைதான் வியாபாரம். மார்ச்சில் அவர்கள் மருந்தடிக்கவும் காவலுக்கும் செலவழித்துக்கொண்டிருப்பார்கள். புளி வியாபாரிக்கு மாசி, பங்குனியில் பணம் புரளும். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விவசாயியிடம் மாதம் பார்த்துப் பயனில்லை, அந்த வாரத்து விலையைப் பார்த்துத்தான் பேச வேண்டும். ஓசூர் ரோஜாத் தோட்டக்காரர்களுக்குப் பிப்ரவரி 14-ஐ ஒட்டிய நாட்கள் தலைக்கு மேல் வேலை, அது முடிந்த பிறகு போங்கள். ஆலைத் தொழிலாளிக்குத் தீபாவளி போனஸ்.

தை பிறந்துவிட்டால் முகூர்த்தங்கள் வரிசையாக வரும். உள்ளூர்க் குடும்பங்கள் வாரத்துக்கு இரண்டு மொய் எழுதிக்கொண்டிருக்கும்போது நன்கொடைக்கு மனம் இருந்தாலும் கையில் இருக்காது. அவர்களை ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ பார்த்துவிடுவது நல்லது. மார்கழியில் அன்னதானம், கோயில் செலவு என்று கொடுக்கும் மனநிலை எப்படியும் இருக்கும். சாப்பாடு போடும் வேலை செய்கிற அமைப்புகளுக்கு அது ஏற்ற மாதம்.

அரிமா சங்கம், ரோட்டரி சங்கம் இரண்டுக்கும் ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. மார்ச்சில் போய்க் கேட்டால் அந்த ஆண்டுத் தலைவர் தன் திட்டங்களை முடிக்கும் அவசரத்தில் இருப்பார். புதுத் தலைவர் பொறுப்பேற்கும் ஜூலையில் போனால் அவருக்கே ஒரு நல்ல திட்டம் தேவைப்படும்.

ஆக, மார்ச்சை நம்பிக் கேட்க வேண்டியவர்கள் மூன்று வகைதான்: வரி கட்டும் வியாபாரிகள், சிஎஸ்ஆர் நிதி (சமூகப் பணிக்குச் சட்டப்படி செலவிட வேண்டிய பணம்) வைத்திருக்கும் கம்பெனிகள், மாதச் சம்பளக்காரர்கள். மற்றவர்களுக்கு அவரவர் மாதம்.

படி 2: காகிதங்களைச் சரிபார்ப்பது

இது ஒரு நாள் வேலை, ஆனால் தள்ளிப்போட்டால் மார்ச்சில் மொத்தமும் நின்றுவிடும். அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏபி பதிவும் 80ஜி அனுமதியும் எந்தத் தேதி வரை செல்லும் என்று சான்றிதழை எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் காலாவதி உண்டு. அதற்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். நிதி ஆயோக்கின் தர்பன் எண் (தொண்டு நிறுவனங்களுக்கான அரசு இணையதளப் பதிவு எண்), சிஎஸ்ஆர் நிதி வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவு, போன ஆண்டுத் தணிக்கை அறிக்கை, அறக்கட்டளையின் பான் கார்டு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். யாராவது கேட்டால் அன்றைக்கே அனுப்ப முடிய வேண்டும். வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் ட்ரஸ்டி இப்போதும் பதவியில் இருக்கிறாரா என்பதையும் பாருங்கள்.

ஒரு குறிப்பு. 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் அந்தத் தேதியிலிருந்து பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. நன்கொடை கொடுப்பவர்கள் வாயில் ‘80ஜி’தான் நிலைத்திருக்கிறது என்பதால் இங்கே பழைய பெயர்களையே எழுதுகிறேன். ரசீதில் அச்சடிக்கும் முன் புதிய எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவது

“முடிந்ததைக் கொடுங்கள்” என்று கேட்டால் முடிந்ததில் மிகக் குறைந்ததுதான் வரும். தொகை தெளிவாக இருக்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம்.

பென்னாகரம் பக்கம் ஆறு ஊர்களில் மாலைநேரப் படிப்பு மையம், ஒவ்வொன்றிலும் 25 பிள்ளைகள், மொத்தம் 150 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஆசிரியைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 2,88,000. பிள்ளைகளுக்குச் சுண்டல், ஒரு நாளைக்குத் தலைக்கு 8 ரூபாய், மாதம் 22 நாள், பத்து மாதம் என்றால் 2,64,000. நோட்டுப் புத்தகம் தலைக்கு 400 வீதம் 60,000. ஒருங்கிணைப்பாளர் சம்பளம் மாதம் 14,000, ஆண்டுக்கு 1,68,000. பெட்ரோல், போன், ஆடிட்டர் கட்டணம், வாடகை எல்லாம் சேர்த்து 90,000. மொத்தம் 8,70,000 ரூபாய்.

ஏதோ ஒரு நிறுவனம் 3,50,000 தருவதாக எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறது. எழுத்தில் இல்லாததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாக்கி 5,20,000. இதுதான் நீங்கள் திரட்ட வேண்டிய தொகை.

அடுத்து அதை ஆட்களாகப் பிரியுங்கள். ஒரு லட்சம் தருபவர் ஒருவர், ஐம்பதாயிரம் மூன்று பேர், பத்தாயிரம் பத்துப் பேர், ஐயாயிரம் இருபது பேர், ஆயிரம் எழுபது பேர். கூட்டினால் 5,20,000 வருகிறது. 104 பேர் வேண்டும். ஒருவர் கொடுக்க மூன்று பேரையாவது கேட்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஐம்பதாயிரத்துக்கு மட்டும் ஒன்பது பெயர்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்த ஒன்பது பெயர்களை இன்றைக்கே எழுத முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் மேல்தட்டைக் குறைத்து ஐயாயிரக்காரர்களைக் கூட்டுங்கள். மார்ச்சில் ஏமாறுவதைவிட செப்டம்பரில் திட்டத்தை மாற்றுவது எளிது.

கேட்கும்போது எந்த எண்ணைச் சொல்வது? “மாதம் 8,400 கொடுத்தால் ஒரு மையம் நடக்கும்” என்று சிலர் சொல்வார்கள். அது ஆசிரியைக்கும் சுண்டலுக்கும் மட்டும் ஆகும் செலவு. ஒருங்கிணைப்பாளர் சம்பளமும் பெட்ரோலும் அதில் இல்லை. “ஒரு பிள்ளைக்கு ஓராண்டுக்கு 5,800 ரூபாய்” என்பதுதான் எல்லாம் அடங்கிய கணக்கு. அதையே சொல்லுங்கள். சம்பளமும் பெட்ரோலும் இல்லாமல் மலையோரத்து ஊரில் ஒரு மையமும் நடக்காது. இதை மறைத்துப் பழக்கிவிட்டால் நம் ஊழியர்களுக்கு நியாயமான சம்பளம் கொடுக்கவே வழி இருக்காது. இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு: வேலை செய்பவர் வயிற்றில் அடித்து நடத்தும் தொண்டு நீடிக்காது.

படி 4: பழைய நன்கொடையாளர் பட்டியல்

மொத்த வேலையிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

கடந்த மூன்று ஆண்டு ரசீதுப் புத்தகங்கள், வங்கி ஸ்டேட்மென்ட், யுபிஐ வரவு எல்லாவற்றையும் எடுத்து ஒரே எக்செல் தாளில் ஏற்றுங்கள். பெயர், ஊர், இப்போது இருக்கும் ஊர், போன், பான் எண், எந்த ஆண்டு எவ்வளவு, யார் மூலம் வந்தார், எதற்காகக் கொடுத்தார். கடைசி இரண்டும் தொகையைவிட முக்கியம். நம் வீடுகளில் மொய் நோட்டை எப்படிப் பத்திரப்படுத்துகிறோம்? முப்பது வருஷம் முன்னால் தாத்தா கல்யாணத்தில் யார் எவ்வளவு எழுதினார் என்று கேட்டால் பெட்டியைத் திறந்து சொல்லிவிடுவோம். அந்த அக்கறை நன்கொடையாளர் பட்டியலுக்கும் வேண்டும்.

பட்டியல் தயாரானதும் மூன்றாகப் பிரியுங்கள்.

தொடர்ந்து கொடுப்பவர்கள் முதல் பிரிவு. இவர்களுக்குப் பொதுச் செய்தி போகவே கூடாது. ஒவ்வொருவரிடமும் ட்ரஸ்டி ஒருவர் போனிலாவது பேச வேண்டும்.

ஒரு முறை கொடுத்துவிட்டு நின்றுபோனவர்கள் இரண்டாம் பிரிவு. பெரும்பாலும் இதுதான் நீளமாக இருக்கும். ஏன் நின்றார்கள் என்று விசாரித்தால் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: “கொடுத்தேன், அப்புறம் ஒரு தகவலும் வரலை.” இவர்களிடம் இந்த ஆண்டு பணம் கேட்கும் முன் பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டும். அந்தப் பணத்தில் என்ன நடந்தது என்று தாமதமாகவாவது ஒரு கடிதம், அதில் பணம் கேட்கும் வரி ஒன்றும் இருக்கக் கூடாது. ஒன்றரை மாதம் கழித்துக் கேட்கலாம்.

மூன்றாம் பிரிவு, கொடுக்காதவர்கள், ஆனால் உங்களைத் தெரிந்தவர்கள். உங்கள் மையத்தில் படித்து இப்போது ஓசூரில் வேலை பார்க்கும் பிள்ளை, பெங்களூரில் பேக்கரி வைத்திருக்கும் ஊர்க்காரர், திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வெளியூர் போனவர்களுக்கு ஊர்ப் பெயரைக் கேட்டாலே மனம் இளகும். தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குப் போனவர்கள் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் கட்டாயம் வருவார்கள். அப்போது மையத்துக்கு அழைத்து வந்து பிள்ளைகளோடு அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அன்றைக்குப் பணம் கேட்காதீர்கள்.

படி 5: கணக்குக் கடிதம்

நவம்பரில் முதல் இரண்டு பிரிவினருக்கும் ஒரு பக்கக் கடிதம். ஆண்டறிக்கை அச்சடித்துக் காசைக் கரைக்க வேண்டாம், அதை யாரும் படிப்பதில்லை. இந்தப் பாணியில் இருந்தால் போதும்:

“அன்புள்ள அண்ணா, வணக்கம். போன பங்குனியில் நீங்கள் அனுப்பிய 5,000 ரூபாய் எங்கள் ஏரியூர்ப் பக்கத்து மையத்துக்குப் போனது. அங்கே 25 பிள்ளைகள் வருகிறார்கள். ஜூன் மாதம் தமிழ் வாசிக்கத் திணறியவர்கள் ஒன்பது பேர். இப்போது அதில் ஆறு பேர் பாடப் புத்தகத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறார்கள். மூன்று பேருக்கு இன்னும் எழுத்துக் கூட்டத்தான் வருகிறது. அவர்களுக்காக ஆசிரியை தினமும் இருபது நிமிடம் கூடுதலாக உட்காருகிறார். இரண்டு பிள்ளைகள் பெற்றோருடன் கரும்பு வெட்டப் போய்விட்டதால் மையத்துக்கு வருவதில்லை; தை மாதம் திரும்பியதும் சேர்த்துக்கொள்வோம். மழைக்கு மையத்தின் தகரக் கூரை ஒழுகியது, ஊர்க்காரர்களே சரிசெய்து கொடுத்தார்கள். நீங்கள் ஊருக்கு வரும்போது ஒரு மாலை வந்து பாருங்கள்.”

சரியாக நடக்காததையும் இதில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். மூன்று பேர் தேறவில்லை, இரண்டு பேர் வரவில்லை. இதைப் படிப்பவருக்கு மற்ற ஆறு பேரைப் பற்றிச் சொன்னது உண்மை என்று நம்பிக்கை வரும். எல்லாம் அமோகம் என்று எழுதினால், பிறகு ஏன் பணம் என்று அவருக்கே தோன்றிவிடும்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அழுக்குச் சட்டையும் கலங்கிய கண்ணுமாகப் பிள்ளையைப் படமெடுத்து அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளையின் மாமாவும் ஆசிரியரும் அதே வாட்ஸ்அப் குழுவில் இருக்கக்கூடும். பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும். குழந்தைத் திருமணத்திலிருந்து மீட்கப்பட்ட பெண் பிள்ளை, பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளை இவர்களைப் பற்றிப் பெயரோ படமோ ஊரோ பள்ளியோ எதுவுமே வெளியே போகக் கூடாது. சட்டமும் அதைத் தடுக்கிறது. பெயரை மாற்றி எழுதினாலும் முந்நூறு வீடு உள்ள ஊரில் யார் என்று உடனே தெரிந்துவிடும். எவ்வளவு பெரிய தொகை வருவதாக இருந்தாலும் அந்தக் கதை நம்முடையதல்ல, விற்பதற்கு நமக்கு உரிமை கிடையாது.

படி 6: கேட்பது

படி 1-ல் வேறு மாதம் குறித்து வைத்தவர்கள் தவிர, முதல் பிரிவினரிடம் ஜனவரி கடைசியில் தொடங்குங்கள். பொங்கல் வாரத்தை விட்டுவிடுங்கள். போனில் நேராகவே பேசலாம்:

“அண்ணா, நல்லா இருக்கீங்களா? நவம்பர்ல கடிதம் அனுப்பியிருந்தோம், பார்த்தீங்களா? வர்ற வருஷம் ஆறு மையத்துக்கும் சேர்த்து அஞ்சு லட்சத்து இருபதாயிரம் வேணும். போன தடவை ரெண்டு பிள்ளைக்கு உண்டான செலவைக் கொடுத்தீங்க. இந்தத் தடவை மூணு பிள்ளைக்குப் பார்க்க முடியுமான்னு கேட்கத்தான் கூப்பிட்டேன்.”

சொல்லி முடித்ததும் பேசாமல் இருங்கள். பதற்றத்தில் “இல்லேன்னா பரவாயில்லை, ஆயிரம் கொடுத்தாலும் போதும்” என்று நாமே இறங்கி வந்துவிடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அவர் யோசிக்கட்டும். முடியாது என்றால் “சரிங்க அண்ணா, கேட்டதுக்காக ஒண்ணும் நினைச்சுக்காதீங்க, ஒரு நாள் மையத்துக்கு வாங்க” என்று மலர்ந்த குரலில் முடியுங்கள். பட்டியலில் பதிலை எழுதி வையுங்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் நிறைய. அந்த மொழி தெரிந்த ஊழியரைப் பேச விடுங்கள். அது மரியாதை.

படி 7: கடைவீதியும் பங்குதாரர் நிறுவனங்களும்

80ஜி பற்றி ஒரு தெளிவு வேண்டும். பத்தாயிரம் கொடுத்தால் பத்தாயிரமும் வரியில் கழியும் என்று பலர் நினைக்கிறார்கள். நம்மைப் போன்ற சாதாரண அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தால் பாதித் தொகைதான் வருமானத்தில் கழியும், அதற்கும் மொத்த வருமானத்தில் பத்து சதவீதம் என்று உச்சவரம்பு உண்டு. 30 சதவீத வரி கட்டுபவருக்குப் பத்தாயிரத்தில் ஏறக்குறைய 1,500 ரூபாய் மிச்சம். அடுத்தது, புதிய வரி முறையில் (வரி விகிதம் குறைவு, பெரும்பாலான கழிவுகள் இல்லாத முறை) இருப்பவர்களுக்கு 80ஜி சலுகையே கிடையாது. 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பான முறை. சம்பளக்காரர்களில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் வரிச் சலுகையைச் சொல்லிக் கேட்பதில் பொருளில்லை, பிள்ளைகளைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் பங்குதாரர் நிறுவனங்களுக்குப் புதிய முறை பொருந்தாது. அவர்கள் லாபத்தில் 30 சதவீதம் வரி கட்டுகிறார்கள், 80ஜி கழிவையும் கேட்க முடியும். பர்கூர் ஜவுளிக் கடைகள், கிரானைட் பட்டறைகள், அரிசி ஆலைகள், நகைக் கடைகளில் பல குடும்பப் பங்குதாரர் நிறுவனங்களாகவே நடக்கின்றன. இவர்கள் மார்ச் 15-க்குள் முன்வரியின் (ஆண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வருமான வரி) கடைசித் தவணையைக் கட்ட வேண்டும் என்பதால் மார்ச் முதல் வாரத்தில் ஆடிட்டரோடு உட்கார்ந்து லாபக் கணக்குப் பார்ப்பார்கள். உங்கள் கடிதம் பிப்ரவரி கடைசி வாரத்தில் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். ஊரில் நாலைந்து ஆடிட்டர்களை நேரில் பார்த்து 80ஜி சான்றிதழ் நகலும் ஒரு பக்க விவரமும் கொடுத்து வையுங்கள். “நல்ல இடம் ஏதாவது இருந்தா சொல்லுங்க” என்று வாடிக்கையாளர் அவர்களிடம்தான் கேட்பார்.

கடைக்குப் போகும் நேரமும் முக்கியம். சந்தை நாளில் போகாதீர்கள். காலையில் கடை திறந்து முதல் வியாபாரம் ஆவதற்கு முன்னும் போய் நிற்காதீர்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் முதலாளி கொஞ்சம் சாவகாசமாக இருப்பார்.

அரிசி மூட்டை, நோட்டு, துணி என்று பொருளாகக் கொடுக்க முன்வருபவர்களை வரவேற்கலாம், ஆனால் பொருளுக்கு 80ஜி கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் மனக்கசப்பு.

படி 8: கம்பெனிகளின் சிஎஸ்ஆர் நிதி

கம்பெனிச் சட்டத்தின் 135-ம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இதில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

ஓசூர் என்றதும் டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய பெயர்களைத் தேடித்தான் எல்லோரும் போகிறார்கள். அங்கே வரிசை நீளம். அவர்களுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் நடுத்தரக் கம்பெனிகளை நினைத்துப் பாருங்கள். ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டைகளில் 5 கோடி லாபத்தைத் தாண்டிய ஆலையாக இருந்தால் அதற்கும் சிஎஸ்ஆர் கடமை உண்டு. செலவிட வேண்டிய தொகை 50 லட்சத்துக்கு மேல் போகாத கம்பெனிக்குத் தனி சிஎஸ்ஆர் குழு கட்டாயமில்லை, இயக்குநர்களே முடிவெடுப்பார்கள். எனவே ஒரு சந்திப்பிலேயே பதில் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

கம்பெனிகளுக்கு இரண்டு விதமான காகிதம் தயாராக வேண்டும். ஒன்று அடுத்த நிதியாண்டுக்கான முழுத் திட்டம். இதை ஜனவரி, பிப்ரவரியிலேயே கொடுத்துவிட்டால் புதிய ஆண்டுத் திட்டம் வகுக்கும்போது அவர்கள் கையில் இருக்கும். இன்னொன்று, இந்த மார்ச்சுக்குள் முடியக்கூடிய சிறு வேலை: அரசுப் பள்ளியில் கழிப்பறை பழுதுபார்ப்பு, குடிநீர் சுத்திகரிப்புக் கருவி, மையத்துக்குச் சூரிய விளக்கு. தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் உள்ள நம் பகுதியில் குடிநீர் வேலைக்கு எப்போதும் தேவை உண்டு. செலவிடாமல் மிஞ்சும் பணத்தைக் கம்பெனி வைத்துக்கொள்ள முடியாது. தொடர் திட்டம் என்றால் நிதியாண்டு முடிந்து 30 நாளில் தனிக் கணக்குக்கும், இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட நிதிக்கும் மாற்ற வேண்டும். ஆகவே பிப்ரவரியில் “உடனே முடிகிற வேலை ஏதாவது இருக்கா?” என்று போன் வரும். ஜிஎஸ்டியுடன் கூடிய விலைப்புள்ளி, தலைமையாசிரியரின் சம்மதக் கடிதம், இடத்தின் படம் மூன்றும் கையில் இருப்பவருக்கே அந்தப் பணம் போகும்.

படி 9: வெளிநாட்டில் இருப்பவர்கள்

இங்கே கவனம் தேவை. வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருந்தாலும், நம் ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பணம் முதலில் வர வேண்டும். “என் தம்பி கணக்குக்கு அனுப்பிடறேன், அவன் உங்களுக்கு மாத்திடுவான்” என்று அன்போடு சொல்வார்கள். வேண்டாம்.

படி 10: பணம் வாங்குவதும் ரசீதும்

க்யூஆர் கோடு அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும். செயலாளரின் சொந்த எண்ணுக்கு ஒரு முறை வாங்கினாலும் சந்தேகத்துக்கு இடம் கொடுத்துவிடும். யுபிஐயில் வரும் பணத்தில் முகவரியும் பான் எண்ணும் வராது. அன்றைக்கே போன் செய்து வாங்கிவிடுங்கள், மே மாதம் தேடினால் கிடைக்காது.

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி கிடையாது. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ஒருவரிடம் ஒரே நாளில் ரொக்கமாக வாங்குவதே குற்றம். தேர்தல் அறிவிப்பு வந்த காலத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கத்தோடு வண்டியில் போனால் பறக்கும் படையிடம் ஆவணம் காட்ட வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைகளில் உண்டியல் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யார் போட்டார் என்று தெரியாத பணம் மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. சிறிய உண்டியலுக்குப் பயமில்லை. ஆனால் உண்டியல் திறக்கும்போது இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போட்டு அடுத்த நாளே வங்கியில் கட்டும் பழக்கம் வேண்டும்.

ரசீது இரண்டு நாளில் போய்ச் சேர வேண்டும். அதோடு ஒரு வரி நன்றியும், ட்ரஸ்டியின் குரலில்.

படி 11: மார்ச் கடைசிப் பத்து நாள்

இப்போது புதியவர்களைத் தேடாதீர்கள். “தர்றேன்” என்று சொல்லிவிட்டு மறந்தவர்களுக்கு மட்டும் மென்மையாக நினைவூட்டுங்கள், ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். பொதுச் செய்தி ஒன்று 24-ம் தேதி வாக்கில், இன்னொன்று 29-ல். இன்னும் எவ்வளவு பாக்கி என்று எண்ணோடு எழுதுங்கள்: “5,20,000-ல் 4,35,000 வந்துவிட்டது. இன்னும் 85,000 தேவை.” காசோலை கொடுப்பவர்களை 20-ம் தேதிக்குள் கொடுக்கச் சொல்லுங்கள். கல்வி அமைப்பு என்றால் இதே நாட்களில் பொதுத் தேர்வும் நடக்கும். மையத்து ஆசிரியைகளை வசூல் வேலைக்கு இழுக்காமல் அவர்களைப் பிள்ளைகளோடு விட்டுவிடுங்கள்.

கடைசி நாளில் பெரிய தொகை வந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட்டிருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போக அதற்கென்று உரிய படிவம் உண்டு. ஏப்ரல் முதல் வாரமே ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 12: ஏப்ரலும் மேயும்

நன்கொடையாளர் விவரங்களை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதிலிருந்து வரும் 10பிஇ சான்றிதழை அதே தேதிக்குள் ஒவ்வொருவருக்கும் அனுப்ப வேண்டும். நீங்கள் கொடுத்த ரசீது மட்டும் வரிக் கழிவுக்குப் போதாது, இந்தச் சான்றிதழ்தான் செல்லும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். ஒரு பான் எண்ணில் ஒரு எழுத்து தவறினாலும் அந்த ஆளுக்குச் சலுகை போய்விடும் என்பதால் தாக்கலுக்கு முன் இரண்டு பேர் பட்டியலை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

80ஜி தேவையில்லாத ஆயிரம் ரூபாய்க்காரர்களையும் இந்த நேரத்தில் விட்டுவிடாதீர்கள். எழுபது பேருக்கும் பிள்ளைகள் கையால் எழுதிய ஒரு அஞ்சலட்டை, கோடை விடுமுறைக்கு முன்பே எழுதி வாங்கி வைத்தால் மே மாதம் அனுப்பிவிடலாம். முகவரிகளைப் பட்டியலில் இப்போதே நிரப்பத் தொடங்குங்கள். ஜூன் கடைசியில் அரிமா, ரோட்டரி சங்கங்களில் அடுத்த தலைவர் யார் என்று விசாரித்து வையுங்கள்.